மேஸ்திரி உட்காராத மூன்று நாள்

“எறும்புக்கு இடுப்புப் பிடிக்குமாப்பா?”

சின்னக்கண்ணு இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. தன்னைவிட நாலு மடங்கு பெரிய அரிசிக் குறுணையை ஓர் எறும்பு சுவரோரமாகக் கொண்டுபோவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“பிடிக்காது தாயி. அது உங்கம்மா மாதிரி கும்புடு போட்டுத் தூக்குறதில்ல. அணைச்சுத் தூக்குது” என்றார் அவள் அப்பா ஒச்சப்பன். அடுப்படியில் கரண்டி ‘ணங்’கென்று விழுந்த சத்தம் கேட்டதால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

அதெல்லாம் பழைய கதை. சின்னக்கண்ணு இப்போது அய்யலூரில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை காலையில் ஒச்சப்பனுக்கு அந்தக் கேள்வி அப்படியே ஞாபகம் வந்தது. கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாதி குனிந்தவர், மேலேயும் வர முடியாமல் கீழேயும் போக முடியாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு நேர்கீழே ஓர் எறும்பு எதையோ தூக்கிக்கொண்டு சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

“ஏய்யா, உருண்டு போன வெங்காயத்தை எடுத்தீகளா இல்லையா?” அடுப்படியிலிருந்து ஜக்கம்மாள் குரல் கொடுத்தாள்.

“எடுத்துட்டேன்... எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

ஜக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். கணவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“பிடிச்சுக்கிச்சா?”

“மெதுவாப் பேசுடீ. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது.”

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் ஒச்சப்பன் யார் என்று தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

திண்டுக்கல்லில் பெருமாள்சாமியின் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் பதினாறு பேருக்கு அவர் மேஸ்திரி. வருஷக்கணக்காக மூட்டை சுமந்தும் அந்தப் பதினாறு பேரில் ஒருவனுக்குக்கூட முதுகு கெட்டதில்லை. அதற்குக் காரணம் மேஸ்திரியின் சட்டம். “குந்து, அணை, எந்திரி” என்பதுதான் அது. மூட்டைக்குப் பக்கத்தில் போய்க் குந்த வேண்டும். மார்போடு அணைக்க வேண்டும். கால் பலத்தில் எழுந்திருக்க வேண்டும். திரும்புவதென்றால் இடுப்பைத் திருப்பாமல் காலைத் திருப்ப வேண்டும். பாரம் பெரிதாக இருந்தால் வெட்கப்படாமல் ஆளைக் கூப்பிட வேண்டும்.

சட்டத்தை மீறி எவனாவது குனிந்து தூக்கினால், மண்டி வாசல் பிள்ளையார் முன்னால் எல்லாரும் பார்க்கப் பன்னிரண்டு தோப்புக்கரணம் போட வேண்டும். இஞ்ஞாசி மட்டும் கிறிஸ்தவன் என்பதால், அவன் மாதா கோயில் இருக்கும் திசையைப் பார்த்துப் பன்னிரண்டு தடவை முழங்கால் போட வேண்டும். அவரவர் சாமிக்கு அவரவர் கடன் என்பது மேஸ்திரியின் நியாயம்.

இந்தச் சட்டம் விளையாட்டுக்கு வந்ததல்ல. ஒச்சப்பனின் கூடப்பிறந்த அண்ணன், முப்பது வயதில் புகையிலைச் சிப்பத்தைத் தனியாளாகக் குனிந்து தூக்கப்போய், அன்று படுத்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அண்ணனுக்கு ஒன்பது வருஷம் கஞ்சி ஊட்டிய கை ஒச்சப்பனுடையது.

அப்பேர்ப்பட்டவரை இப்போது ஒரே ஒரு சின்ன வெங்காயம் சாய்த்துவிட்டது. அதுவும் குனிந்து எடுக்கப் போனதால்.

“பேகம்பூர் வைத்தியர்கிட்டப் போவோம். நல்லா நீவி விடுவாரு” என்றாள் ஜக்கம்மாள்.

“அங்க போனா பத்து மணிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுரும். ‘குனியாதடா குனியாதடான்னு எங்களையெல்லாம் தோப்புக்கரணம் போட வச்சவரு, வெங்காயத்துக்குக் குனிஞ்சு மாட்டிக்கிட்டாரு’ன்னு அந்த இஞ்ஞாசிப் பய சிரிப்பான். அவன் சிரிச்சா எல்லாப் பயலும் சிரிப்பான். நாளையிலருந்து ஒருத்தன் குந்த மாட்டான்.”

“சிரிச்சுட்டுப் போறாங்ய.”

“வியாழக்கிழமை மொதலாளியோட பண இரும்புப் பெட்டி மண்டி மாடிக்கு ஏறணும், தெரியும்ல? பத்தொம்பது படி. எட்டு மூட்டை கனம். அன்னைக்கு எவனாவது குனிஞ்சான்னா, அவன் எங்க அண்ணன் மாதிரி ஆயிருவான்டீ.”

 ஜக்கம்மாள் தன் பழைய பச்சைச் சேலை ஒன்றை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மேலே சட்டையை மாட்டிவிட்டாள். வெங்காயத்தையும் அவளே குந்தி எடுத்துக்கொண்டாள்.

ஒச்சப்பன் கொடிமரம் நடந்து போவதுபோல் விறைப்பாக மண்டிக்குப் போனார்.

மண்டி வாசலில் மூக்காயியின் டீக்கடை. மூக்காயி நல்லவள். ஆனால் அவள் காதில் விழுந்த செய்தி, டீ ஆறுவதற்குள் ரயிலடிக்குப் போய்விடும்.

“வாங்க மேஸ்திரி, உக்காருங்க” என்று முக்காலியைத் தட்டிப் போட்டாள்.

ஒச்சப்பன் முக்காலியைப் பார்த்தார். அது வெகு ஆழத்தில் இருப்பதுபோல் தெரிந்தது.

“இல்ல தாயி. நிக்கிறேன்.”

“ஏன், முக்காலியில தூசியா?”

“தூசியெல்லாம் இல்ல. நான்... உக்காரக் கூடாது.”

“ஏன் உக்காரக் கூடாது?”

பொய் சொல்லிப் பழகாதவர்களுக்கு அவசரத்தில் சின்னப் பொய் அகப்படுவதில்லை. ஒச்சப்பனுக்கு வாயில் வந்தது பெரிய பொய்.

“வேண்டுதல். வியாழக்கிழமை பெட்டி நல்லபடியா மாடிக்கு ஏறுற வரைக்கும் உக்கார மாட்டேன்னு தாடிக்கொம்புப் பெருமாளுக்கு வேண்டிக்கிட்டேன்.”

மூக்காயி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“எங்கய்யா பெருமாளே! எங்க எல்லாருக்காகவுமா? ஏன் மேஸ்திரி, படுக்கலாமா?”

“படுக்கலாம்.”

“வெளிக்குப் போகும்போது?”

“அது கணக்குல சேராது, தாயி” என்றார் ஒச்சப்பன், முகம் சிவந்து.

மதியத்துக்குள் மண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் பதினாறு பேரும் தூக்குச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார்கள்.

“ஏன்டா, நீங்க உக்காருங்கடா!”

“நீங்க எங்களுக்காக நிக்கிறீக. நாங்க உக்காந்து திங்கிறதா? தொண்டையில எறங்குமா?” என்றான் வேலுசாமி. அவன் கண் கலங்கியிருந்தது. இஞ்ஞாசிகூட நின்றுகொண்டுதான் வெஞ்சனத்தைத் தொட்டுக்கொண்டான்.

முதலாளி பெருமாள்சாமி காதுக்கும் போயிற்று. அவர் ஒரு காலத்தில் இதே மண்டியில் ஒச்சப்பனோடு சேர்ந்து மூட்டை சுமந்தவர். பாடுபட்டு முன்னுக்கு வந்து, மண்டியையே வாங்கியவர். வெளியே வந்து ஒச்சப்பனை மேலும் கீழும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நிசமா வேண்டுதலா, மேஸ்திரி?”

“ஆமா, மொதலாளி.”

“சரி. நீங்க நிக்கும்போது நான் திண்டுல சாஞ்சு கெடந்தா நல்லா இருக்காது” என்று சொல்லிவிட்டு, அவரும் மேசைக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்துவிட்டார். வெங்காயம் விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரிகள், முதலாளி நிற்பதைப் பார்த்துத் தாங்களும் நின்றார்கள். அன்றைக்கு அந்த மண்டியில் உட்கார்ந்திருந்தது பிள்ளையார் மட்டும்தான்.

“ஒத்த வெங்காயத்துக்கு ஊரையே நிக்க வச்சுட்டீகளே!” என்றாள் ஜக்கம்மாள் வீட்டில். நொச்சித் தைலம் காய்ச்சி முதுகில் தடவிக்கொண்டே சொன்னாள். “நாளைக்கு உண்மையைச் சொல்லிருங்க. சாமி பேருல பொய் சொன்னா நல்லதுக்கில்ல.”

“சொல்லிர்றேன்” என்றார் ஒச்சப்பன். சொல்லிவிடத்தான் நினைத்தார்.

ஆனால் செவ்வாய்க்கிழமை மண்டி வாசலில் ஒரு சம்சாரிக் குடும்பம் மாலையோடு காத்திருந்தது. புருஷன் ஒச்சப்பன் கழுத்தில் மாலையைப் போட்டார். பெண்சாதி ஒரு குண்டுக் குழந்தையைத் தரையில் விட்டாள்.

“உங்க கையால தூக்கி ஆசீர்வாதம் பண்ணுங்கய்யா. நாலு நாளா பாலே குடிக்க மாட்டேங்குது.”

நாலு நாளாகப் பால் குடிக்காத குழந்தையாக அது தெரியவில்லை. கால் மூட்டை கனம் இருக்கும். ஒச்சப்பனுக்கு வேர்த்துவிட்டது. பதினாறு பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இல்லம்மா... எதையும் தூக்கவும் கூடாது. அதுவும் வேண்டுதல்ல சேத்தி.”

கூட்டம் ‘ஆ’ என்றது. மாலை போட்டவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். தூக்கிவிட ஒச்சப்பன் குனிய முடியாததால், அவரே எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார். குழந்தை மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தியை எடுத்துத் தின்ன ஆரம்பித்தது.

“பசி வந்துருச்சு! பாத்தியா, பசி வந்துருச்சு!” என்று மூக்காயி கூவினாள்.

அதன்பிறகு உண்மையைச் சொல்வதற்கு ஏது வழி? அன்றைக்குள் பதினோரு குழந்தைகளும் ஒரு சினை ஆடும் ஆசீர்வாதத்துக்கு வந்தன.

சாயங்காலம் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார்.

“நாளைக்கு மண்டிக்கு லீவு. மேஸ்திரி வேண்டுதலை நாம எல்லாரும் சேந்து நெறவேத்தணும். தாடிக்கொம்புக்கு நடந்தே போவோம். நானும் மேஸ்திரியும் பெருமாள் முன்னால சாஷ்டாங்கமா விழுந்து கும்பிடுறோம். வியாழக்கிழமை பெட்டியை ஏத்துறோம்.”

“சாஷ்டாங்கமாவா?” என்றார் ஒச்சப்பன்.

“பின்ன? நின்னுக்கிட்டே இருந்தா பெருமாள் எப்படி நம்புவாரு?”

புதன்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். முன்னால் ஒச்சப்பனும் முதலாளியும். பின்னால் பதினாறு பேர். அதற்கும் பின்னால் மூக்காயி, ஜக்கம்மாள், மாலை போட்ட குடும்பம். கடைசியில் புளியோதரை அண்டாவோடு முதலாளியின் மாட்டுவண்டி. வண்டியோட்டி அழகருக்குப் பக்கத்தில் ஜக்கம்மாள் ஏறிக்கொள்ளவில்லை. கணவர் எங்கே விழுவாரோ என்று நடந்தே வந்தாள்.

நடந்ததில் ஒச்சப்பனுக்கு உடம்பு கொஞ்சம் இளகியிருந்தது. பெருமாள் இரங்கிவிட்டார் என்றுகூட நினைத்தார். கோயில் வாசலில் சட்டையைக் கழற்றும்போதுதான் இடுப்பில் இருந்த பச்சைச் சேலை ஞாபகம் வந்தது. அதற்குள் கழற்றியாகிவிட்டது.

“இது என்ன, மேஸ்திரி?” என்றான் வேலுசாமி.

ஒச்சப்பன் வாயைத் திறப்பதற்குள் மூக்காயி பதில் சொல்லிவிட்டாள். “பரிவட்டம்டா, மடையா! வேண்டுதல்னா சும்மாவா?”

ஜக்கம்மாள் தன் சேலைக்கு வந்த மரியாதையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பட்டர் தீபாராதனை காட்டினார். எல்லாரும் விலகி இடம் விட்டார்கள். ஒச்சப்பன் தூணைப் பிடித்து முழங்காலைத் தரையில் ஊன்றி, கைகளை ஊன்றி, தவணை தவணையாகக் கீழே போனார். போய்ச் சேர்ந்தும் விட்டார். குளிர்ந்த கல் வயிற்றில் பட்டதும் சுகமாகக்கூட இருந்தது. பக்கத்தில் முதலாளியும் நீட்டிப் படுத்தார்.

பெருமாளே, உன் பேரில் பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு என்று மனமார வேண்டிக்கொண்டு, ஒச்சப்பன் எழுந்திருக்கப் பார்த்தார்.

இடுப்பு ‘மாட்டேன்’ என்றது.

மறுபடி பார்த்தார். மறுபடியும் அதே பதில்.

சரி, முதலாளி முதலில் எழுந்திருக்கட்டும், கை கொடுப்பார் என்று காத்திருந்தார். முதலாளி எழுந்திருக்கவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. மூன்று நிமிஷம் ஆயிற்று. பட்டர் தீபாராதனைத் தட்டோடு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். தள்ளி நின்ற கூட்டத்தில் மூக்காயி தேம்ப ஆரம்பித்தாள்.

“மேஸ்திரி” என்று முதலாளி தரையைப் பார்த்தபடியே கிசுகிசுத்தார்.

“மொதலாளி.”

“எந்திரிக்கலையா?”

“நீங்க முன்னால எந்திரிங்க.”

“நீங்க வயசுல பெரியவுக. நீங்க எந்திரிங்க.”

“நான் இன்னுங் கொஞ்சம் கும்பிட்டுக்கிறேன்.”

“நானும் அப்படியே கும்பிட்டுக்கிறேன்.”

இன்னும் இரண்டு நிமிஷம் போயிற்று.

“அண்ணே” என்றார் முதலாளி.

ஒச்சப்பனால் தன் காதையே நம்ப முடியவில்லை. மூட்டை சுமந்த காலத்தில் பெருமாள்சாமி அவரை அப்படிக் கூப்பிட்டது. அந்த வார்த்தையைக் கேட்டு இருபது வருஷம் ஆகிறது.

“அண்ணே, என்னால எந்திரிக்க முடியலண்ணே. இடுப்புப் பிடிச்சிருக்கு.”

“என்னது!”

“மெதுவா. ஞாயித்துக்கிழமை அந்தப் பெட்டியை ஒத்தையில நகட்டிப் பாத்தேன்.”

“குந்தியா, குனிஞ்சா?”

“குனிஞ்சுதாண்ணே.”

“ஏலே பெருமாளு! கிறுக்குப் பயலே! எத்தனை தடவை சொல்லியிருக்கேன்...” என்று ஆரம்பித்தவர், தான் கிடக்கும் கோலம் நினைவுக்கு வந்து நிறுத்தினார். முதலாளியை ‘ஏலே’ என்று சொன்னதும் அப்போதுதான் உறைத்தது. பொய்யைச் சுமந்தது போதும் என்று இருந்தது அவருக்கு. “எனக்கும் அதேதான்லே. வேண்டுதலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. திங்கக்கிழமை பிடிச்சது.”

“அடடா. எதைத் தூக்குனீக?”

“வெங்காயம்.”

“எத்தனை மூட்டை?”

“மூட்டையில்ல. ஒண்ணு.”

“ஒரு மூட்டையா?”

“ஒரு வெங்காயம்லே.”

முதலாளியின் முதுகு குலுங்கியது. அதைப் பார்த்து ஒச்சப்பனின் முதுகும் குலுங்கியது. சிரித்தால் வலித்தது. வலிக்க வலிக்கச் சிரிப்பு வந்தது. சத்தம் வரக் கூடாதென்று இரண்டு பேரும் வாயைக் கல்லோடு அழுத்திக்கொண்டார்கள்.

“அழுகுறாக! ரெண்டு பேரும் உருகி உருகி அழுகுறாக! கோவிந்தா!” என்று மூக்காயி கத்தினாள். “கோவிந்தா! கோவிந்தா!” என்று மண்டபம் அதிர்ந்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் முதலாளி மெல்லச் சொன்னார். “எனக்கு இது ரெண்டாந்தரம்ணே. முதத்தரம் பிடிச்சது, மண்டியில சேந்த ஆறாம் நாள். பெரிய மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வேலை போயிருமுன்னு அழுதேன். ‘நீ கணக்குக்கு மூட்டை மேல கை மட்டும் வையி’ன்னு சொல்லி, பதினோரு நாள் என் மூட்டையையும் நீங்களே சுமந்தீக. இன்னைக்கு வரைக்கும் ஒரு உசுருக்கிட்டயும் சொன்னதில்ல.”

“அது எனக்கு மறந்தே போச்சுப்பா.”

“எனக்கு மறக்கலண்ணே” என்றார் முதலாளி. பிறகு தலையை லேசாகத் தூக்கி, “வேலுசாமி! எல்லாரும் வாங்கடா, எங்க ரெண்டு பேரையும் தூக்கிவிடுங்க” என்று குரல் கொடுத்தார்.

பக்திப் பரவசத்தில் கால் துவண்டுவிட்டது என்று எண்ணி நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். வேலுசாமி வந்த வேகத்தில் குனிந்து ஒச்சப்பனின் தோளைப் பிடித்தான்.

“குனியாதடா!” என்று தரையிலிருந்து ஓர் அதட்டல் எழுந்தது. “எத்தனை தரம் சொல்றது? குந்து! அந்தப் பக்கம் ஒருத்தன் வா. நெஞ்சோட அணை. நான் சொன்ன பிறகு எந்திரி. ம்... இப்போ!”

ஒச்சப்பன் ஓர் ஆட்டம் அசைவில்லாமல் மேலே வந்தார். முப்பது வருஷம் சுமை தூக்கியவர், சரியான கைகளில் சுமையாக இருப்பது எப்படிப்பட்ட சுகம் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தார். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்தத் தடவை நிஜமான நீர்.

கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் புளியோதரை வைக்கும்போது ஒச்சப்பன் எல்லாரையும் நிறுத்தினார். வண்டியடியில் காத்திருந்த இஞ்ஞாசியையும் கூப்பிட்டார்.

“உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்டா. வேண்டுதல் ஏதும் இல்ல. திங்கக்கிழமை குனிஞ்சு ஒரு வெங்காயத்தை எடுத்தேன். பிடிச்சுக்கிச்சு. நீங்க சிரிப்பீக, அப்புறம் சட்டத்தை மதிக்க மாட்டீகன்னு பயந்துட்டேன்.”



“மேஸ்திரி, வெங்காயத்தை உரிச்சாத்தான் அழுகை வரும். உங்களுக்கு எடுத்ததுமே வந்துருச்சா?” என்றான் இஞ்ஞாசி.

வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறக்கும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. ஒச்சப்பனும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் பயந்த சிரிப்பு இதுதான். வந்த பிறகு பார்த்தால், அது கடிக்கவே இல்லை.

“அப்போ நான் ரெண்டு நாளா நின்னுக்கிட்டே வடை சுட்டேனே?” என்று மூக்காயி மட்டும் முறைத்தாள்.

“அதைப் பெருமாள் உன் கணக்குல வரவு வச்சுக்குவாரு. உக்காரு தாயி” என்றார் ஒச்சப்பன்.

“மேஸ்திரிக்குப் பன்னெண்டு உண்டா?” என்றான் இஞ்ஞாசி விடாமல்.

“உண்டு” என்றார் முதலாளி, இடுப்பில் கையை வைத்து முனகிக்கொண்டே. “எனக்கும் உண்டு. பெட்டியைக் குனிஞ்சு நகட்டுனவன் நான். ரெண்டு பேரும் தேறினதும் சேந்து போடுறோம்.”

முதலாளியே குனிந்து மாட்டிக்கொண்டார் என்றதும் பயல்களுக்கு மேஸ்திரி மீது இருந்த கேலி பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப் பாதியைப் புளியோதரை கரைத்துவிட்டது.

“ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்கடா” என்றார் ஒச்சப்பன். “மூட்டைக்குக் குந்தணும்னு சொன்னேனே, வெங்காயத்துக்கும் குந்தணும்னு சொல்லலை. அது என் தப்பு. கனத்துக்கு நாம பயப்படுறோம், அதனால தப்பிச்சிர்றோம். லேசானதுலதான் அசந்துபோறோம்.”

வியாழக்கிழமை இரும்புப் பெட்டி ஏறியது. ஒச்சப்பன் மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தூக்குவதற்கு முன்னால் வழியில் கிடந்த சாக்கை எடுக்கச் சொன்னார். எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குவது என்று கரிக்கோடு போடச் சொன்னார். மேலிருந்து வடம் பிடிக்க ஆறு பேர், கீழிருந்து அணைத்துத் தள்ள ஆறு பேர், கைமாற்றுக்கு நாலு பேர். அவர் ஒரு கையும் வைக்கவில்லை. குரல் மட்டும் கொடுத்தார். “குந்து... அணை... எந்திரி!” பதினாறு முதுகும் மண்டி நிலைக்கதவு மாதிரி நேராக நின்றன. பத்தொன்பதாவது படி தாண்டி, பெட்டி மாடி அறையில் ‘தொம்’மென்று உட்கார்ந்தபோது, யாருடைய விரல் நகத்துக்குக்கூடச் சேதமில்லை.

பக்கத்து நாற்காலியில் முதலாளி, “அம்மாடி, அம்மாடி” என்று இடுப்பை நீவிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஜக்கம்மாள் தைலப் புட்டியை எடுத்து ஒச்சப்பன் கையில் கொடுத்தாள். “பாதி மிச்சம் இருக்கு. பாவம், அந்த மனுசனுக்குக் கொண்டுபோய்க் குடுங்க. பெட்டியைல்ல நகட்டியிருக்காரு. உங்களைவிட அவருக்குத்தான் வலி அதிகமா இருக்கும்.”

ஒச்சப்பன் மெல்ல நடந்து முதலாளி வீட்டுக்குப் போனார். முதலாளி வெளியே போயிருந்தார். தொழுவத்தில் அழகர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

“அழகரு, இதை மொதலாளிகிட்டக் குடுத்துரு. சுடவச்சு, இடுப்புல நல்லாத் தேய்க்கச் சொல்லு. ரெண்டு நாளைக்குப் பாரம் எதையும் தொடக் கூடாதுன்னு நான் சொன்னதாச் சொல்லு.”

அழகர் புட்டியை வாங்கிப் பார்த்தான். அவரையும் பார்த்தான்.

“இடுப்பா? எங்க மொதலாளிக்கா? அவருக்கு இடுப்புல ஒண்ணுமில்லையே! நேத்து தாடிக்கொம்புக்குப் பூட்டும்போது கடையாணி கழண்டு வண்டி சாஞ்சுச்சு, நான் சக்கரத்தை மாட்டி முடிக்கிற வரைக்கும் அண்டாவோட வண்டியை ஒத்தை ஆளாத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே மேஸ்திரி, ‘ஒச்சப்பண்ணன் காதுல மட்டும் இதைப் போட்டுறாதடா’ன்னு வேற சொன்னாரு!”